உலகளந்தான் ஊரில் உளி பிடிக்கும் பிள்ளைகள்

திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் சந்நிதியில் முதன்முறையாக வந்து நிற்பவர்கள், அண்ணாந்து பார்த்தபடியே சற்று நேரம் பேச்சற்றுப் போவார்கள். ஒரு திருவடி மண்ணில் ஊன்ற, மற்றொரு திருவடி விண்ணை நோக்கி உயர, வலக்கரத்தில் சங்கும் இடக்கரத்தில் சக்கரமுமாக மாற்றி ஏந்திச் சேவை சாதிக்கிறார் பெருமாள். அத்தனை பெரிய அத்திருமேனி கல்லாலும் ஆனதன்று, உலோகத்தாலும் ஆனதன்று. தாரு, அதாவது மரம் என்பது தல மரபு. முதலாழ்வார் மூவரும் மழை பெய்த ஓர் இரவில் சிறிய இடைகழியில் ஒருவரையொருவர் நெருக்கி நின்றதும், நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்து பாடியதும் இவ்வூரில்தான். பாடியவர்களின் திருநாமங்களை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அந்த மரத்தைத் தொட்டுச் செதுக்கிய தச்சரின் பெயர் எவர் நினைவிலும் இல்லை.

பெயர் மறைந்தாலும் அத்தொழில் இப்பகுதியில் மறையவில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டாரங்களில் இன்றும் பல வீடுகளின் முன்புறத்தில் கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் ஓசை கேட்கிறது. மேற்கே கல்வராயன் மலை நீலமாக நிற்க, அம்மலையில் பிறந்து வரும் கோமுகி ஆறு பாயும் இந்தப் பூமி 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அடுத்த இரண்டாண்டுகளில், 2021இல், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பம் சென்றது 2013இல்; எட்டாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மதுரை பெருநகராய் விளங்கிய காலத்தில் அங்கே மரவேலையில் தேர்ந்திருந்தவர்கள் பிற்காலத்தில் பல ஊர்களுக்கும் பெயர்ந்தனர் என்றும், அவர்களில் சிலர் இங்கே தங்கித் தமக்கென ஒரு பாணியை வளர்த்தனர் என்றும் வரலாறு சொல்லப்படுகிறது.

குறியீடு பொருளுக்கு வந்துவிட்டது. பொருளைச் செய்யும் கை எங்கே, எப்பொழுது பழகுகிறது? இதற்கு விடை காண அந்த இல்லங்களின் ஒரு நாளைப் பார்க்க வேண்டும்.

சிற்பத் தொழில் நடக்கும் வீடு பெரும்பாலும் பெரிய குடும்பமாகவே இருந்து வந்திருக்கிறது. தாத்தா, பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரே பட்டறையில் மூன்று தலைமுறை அமர்ந்திருக்கும். இதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. ஓர் அன்ன வாகனமோ நிலைக்கதவோ ஒருவர் கையால் முடிவதன்று. ஒருவர் மரத்தை அறுக்க, ஒருவர் உருவத்தை வரைய, ஒருவர் கரடாக வெட்ட, ஒருவர் நகை வேலையை நுணுக்க, மற்றொருவர் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பல வீடுகளில் தேய்ப்பும் எண்ணெய் பூசுவதும் கணக்கு வைப்பதும் பெண்களின் பொறுப்பு. குடும்பம் பெரியதாயிருந்ததால் வேலை நடந்தது. வேலை இருந்ததால் குடும்பம் பிரியாமல் இருந்தது.

பொழுது விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுகிறார்கள். சாமி மாடத்தில் விளக்கேறியதும் முதல் வேலை, உளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் சிற்பிக்கு அருமையானது. மரத்தின் மேடும் பள்ளமும் அந்தச் சாய்ந்த ஒளியில் தெரிவது போல் உச்சிப் பொழுதில் தெரியாது. ஆகவே திருமுகம், விரல் நுனி, இதழ்க்கடை ஆகிய நுண்ணிய இடங்களைப் பெரியவர்கள் இந்த வேளைக்கென்று வைத்துக்கொள்கிறார்கள்.

அதே வேளையில் பள்ளிக்குப் புறப்படுமுன் பிள்ளைகளுக்கும் சிறு வேலை உண்டு. முந்தைய நாள் உதிர்ந்த சீவலைப் பெருக்கி அள்ள வேண்டும். உளிகளை அளவு வாரியாக அடுக்க வேண்டும். பார்ப்பதற்கு எடுபிடி வேலைதான். ஆனால் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. பட்டை உளி எது, குழிவு உளி எது, நகத்தளவு முனையுடையது எது என்று பெயர் சொன்னவுடன் எடுத்துக்கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, எந்த வேலைக்கு எந்த உளி என்பதும் தானாகவே பிடிபடுகிறது. சீவலைக் கையில் அள்ளும்போது வேங்கையின் நிறமும் வேம்பின் கசந்த மணமும் வாகையின் எடையும் விரலுக்குத் தெரிந்துவிடுகின்றன. கருவியைக் காலால் தாண்டக் கூடாது என்ற கண்டிப்பும் அப்பொழுதே மனத்தில் ஏறுகிறது. எழுதப் படிக்கக் கற்கும் வயதிலேயே இவையெல்லாம் சேர்ந்து வருவதால், தாம் எப்பொழுது கற்றோம் என்று பெரியவர்களான பின் அவர்களாலேயே சொல்ல முடிவதில்லை.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பட்டறையில் முரட்டு வேலை நடக்கிறது. பகலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெட்டுதல், வியர்த்தல், உண்ணுதல், சற்றுச் சாய்தல்.

மாலையில் பை இறங்கியதும், பள்ளிப் பாடம் முடிந்த அளவுக்குக் கோடு போடும் பயிற்சி. எடுத்த எடுப்பில் யாரும் சாமி உருவம் வரையச் சொல்வதில்லை. வளைகோடு, தாமரை இதழ், கொடிக்கருக்கு என்று தொடங்கி, கிளி, அன்னம், யாளி எனச் சென்று, பிறகே மனித உருவத்துக்கும் தெய்வ உருவத்துக்கும் வர வேண்டும். கொழும்பில் பிறந்த கலைஅறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கைச் சிற்பாசாரியர்களின் வீடுகளில் மாணாக்கன் முதலில் வளைகோட்டையே திரும்பத் திரும்ப வரைந்து பழகுவதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1909இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூல் இந்தியக் கைவினைஞரைப் பற்றியே பேசுகிறது. தகப்பனின் பட்டறையே மகனுக்குப் பள்ளி, அங்கே பயிற்சிக்கென்று தனிப் பொருள் இல்லை, மெய்யான வேலையிலேயே பயிற்சி என்பது அவர் கண்ட உண்மை. பள்ளியில் போடும் கணக்குக்கு விடை சரியாக வந்தால் மதிப்பெண். இங்கே போடும் கோடு சரியாக வந்தால் அது ஒரு கோயிலுக்குப் போகிறது.

கணக்கும் இங்கே குறைந்ததன்று. ஆகம, சிற்ப நூல்கள் வகுத்த தாலமானம் என்னும் அளவு முறையில் முகத்தின் நீளத்தை ஒட்டியது ஒரு தாலம். தாலத்திற்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலில் உள்ளதன்று. செய்யப்போகும் திருமேனியின் உயரத்தைப் பகுத்து அதிலிருந்தே பெறுவது. உத்தம தசதாலம் என்றால் முழு உயரம் 124 பங்கு, மும்மூர்த்திகளுக்குரியது. மத்திம தசதாலம் 120 பங்கு, தேவியருக்கு. விநாயகருக்கோ ஐந்தே தாலம். அதனால்தான் எத்தனை பெரிதாகச் செய்தாலும் பிள்ளையார் குழந்தையாகவே நமக்குத் தோன்றுகிறார். அகன்ற முகமும் பருத்த வயிறும் கொண்ட அவரே பெரும்பாலும் கற்போர் கைக்கு முதலில் வருபவர். சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் சாமி என்று இதற்குக் காரணம் சொன்னால், சிற்பிகளும் மறுக்கமாட்டார்கள்.

சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்யும் குடும்பங்களில் இந்த அளவைத் தென்னங்கீற்றில் எடுக்கிறார்கள். செய்ய வேண்டிய உயரத்திற்குக் கீற்றை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு காண்பார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். பின்னத்தை எண்ணால் எழுதப் பழகுமுன்னரே பாதி, கால், அரைக்கால் என்று கையால் மடித்துப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது பழைய நண்பனைப் பார்த்தது போலிருக்கும்.

கற்பிப்பவர் யார் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தகப்பனுக்குக் கெடு தலைக்கு மேல் நிற்கும்; பொறுமை இராது. ஆகவே பல வீடுகளில் உண்மையான ஆசான் தாத்தாதான். கண்ணில் புரை விழுந்து, நுணுக்க வேலையை விட்ட பெரியவர் திண்ணையில் அமர்ந்து, பேரனின் கோட்டைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்த்துத் திருத்துவார். இரவு உணவுக்குப் பின் அவர் சொல்லும் கதைகளும் பாடமே. நரசிம்மருக்கு ஏன் சிங்க முகம், ஆண்டாள் கையில் ஏன் கிளி, திருக்கோவலூர்ப் பெருமாள் மட்டும் ஏன் சங்கை வலக்கரத்தில் மாற்றி வைத்திருக்கிறார் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தியான சுலோகத்தின் சொற்கள் பின்னால் வந்தாலும் உருவம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இவர்களுடைய பாடநூல் கோயில். திருக்கோவலூரிலேயே கீழையூரில் அந்தகாசுரனைச் சிவபெருமான் அடக்கிய அட்டவீரட்டத் தலம் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சைவத்தையும் வைணவத்தையும் அரை நாளில் நடந்து பார்த்துவிடலாம். மற்றவர்கள் கோயிலில் கையைக் கூப்பிக் கண்ணை மூடுகிறார்கள். சிற்பியின் பிள்ளைக்குக் கிடைத்த அறிவுரையோ கண்ணைத் திறந்து வை என்பதாகத்தான் இருக்கும்.

அமாவாசையன்று உளி எடுப்பதில்லை. தொன்றுதொட்டு வந்த ஓய்வு நாள். ஆயுத பூசையன்று கருவிகள் எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவை போல மினுங்கிக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் இட்டுச் சாமி மாடத்தில் ஏறிவிடும். ஆனால் ஆண்டின் முழுப்பள்ளி என்று சொல்லத்தக்கது சித்திரை, வைகாசி விடுமுறைதான். காலை முதல் மாலை வரை பட்டறையில் அமர, பிள்ளைகளுக்கு அப்பொழுதே நேரம் வாய்க்கிறது. கையில் காய்ப்பு ஏறுவதும் அந்த இரண்டு மாதங்களில்தான்.

இந்த நேரம் போதுமா என்பதே இன்று அவ்வீடுகளில் நிற்கும் கேள்வி.

ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வி உரிமை என்ற சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பரம்பரைக் கலைகளுக்கு இது ஆறுதல் என்றனர் சிலர். குடும்பத் தொழில் என்ற பெயரில் பிள்ளையின் உழைப்பை உறிஞ்ச வழி திறந்துவிட்டது என்றனர் வேறு சிலர். இரு தரப்பின் அச்சத்திலும் நியாயம் உண்டு. கெடு நெருங்கும்போது பிள்ளையின் படிப்பு நேரத்தில் கை வைக்கும் ஆசை எந்தத் தொழில் வீட்டிலும் எழக்கூடியதே. மரத்தூள் நுரையீரலுக்கு நல்லதன்று. வளரும் கண்ணுக்கு மங்கிய விளக்கும் நல்லதன்று.

மூத்த வாசகர்களுக்கு இந்த விவாதம் புதிதாயிராது. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதிப் பொழுதில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். அப்பொழுது பள்ளிச் சிறுவர்களாயிருந்தவர்கள் சிலர் இன்றும் அதை நினைவுகூரக் கூடும். குலக்கல்வி என்று அதை எதிர்த்தனர். பிறந்த குலத்திலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் ஏற்பாடு என்று மேடைதோறும் முழங்கினர். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே. தச்சன் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்று அரசு சொல்லலாகாது. ஆனால் தச்சனாக விரும்பும் மகன், அல்லது மகள், அல்லது வேறு எவர் வீட்டுப் பிள்ளையாயினும், எந்த வயதில் எங்கே கற்பது என்ற கேள்வி திட்டத்தோடு மறையவில்லை.

அதற்கு ஒரு விடையாக எழுந்தது மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம். இன்று அரசுக் கல்லூரி. அதைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருடைய மகன் கணபதி ஸ்தபதி கணிதத்தில் பட்டம் பெற்றவர். தந்தையிடம் சிற்பமும் பயின்றவர். பின்னர் அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பையே ஏற்றவர். 2000ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் குமரி முனையில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலை அவர் அமைத்தது. கல்லூரிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே தலையில் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. எல்லாருக்கும் அது வாய்க்குமா என்றால், வாய்க்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் ஆண்டில் மாலைப்பொழுது தனிவகுப்புக்குப் போய்விடுகிறது. கோடு போடும் பலகை பரணுக்கு ஏறுகிறது. சிற்பியே தன் மகன் மாதச் சம்பளத்துக்குப் போனால் நிம்மதி என்று நினைப்பதில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. வேலை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்ற வாழ்வை அவர் வாழ்ந்து பார்த்தவர்.

மேலே கல்வராயன் மலையிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. காஞ்சியிலிருந்து கரிராமன் சாமியைத் தூக்கிக்கொண்டு தம் முன்னோர் மலையேறியதாகச் சொல்லும் மலையாளி மக்களின் பிள்ளைகள், சாமை விதைக்கும் பருவத்தையும் காட்டின் வழிகளையும் பெரியவர்களோடு நடந்தே கற்றார்கள். இன்று அவர்களில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். எழுத்து வந்தது பெரும்பேறு; வீட்டுப் பாடம் விடுமுறைக்குச் சுருங்கியது.

கீழே பட்டறைகளுக்கு இன்னொரு போட்டியும் வந்திருக்கிறது. கணினி சொன்னபடி மரத்தைக் குடையும் இயந்திரம், நிலைக்கதவின் கொடிக்கருக்கைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. விலையும் குறைவு. எல்லாக் கதவிலும் ஒரே லட்சுமி, ஒரே புன்னகை. வீட்டுக் கதவுக்கு அது போதும் என்று ஒருவர் நினைத்தால் வழக்காட முடியாது. ஆனால் பூசைக்குரிய திருமேனிக்கும் வாகனத்துக்கும் தேருக்கும் நிலை வேறு. கோயிலில் திருமேனியின் கண் திறப்பு நிகழும்போது, ஸ்தபதி பொன்னூசி கொண்டு திருக்கண்ணைத் தீட்ட, பசுவும் கண்ணாடியும் தானியமும் முதல் காட்சியாகக் காட்டப்படுகின்றன. அந்த ஊசியைப் பிடிக்க ஒரு மனிதக் கை தேவைப்படுகிறது. நாற்பதாண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து எழுந்தருளும் காஞ்சி அத்தி வரதரை 1979இலும் 2019இலும் சேவித்த பாக்கியசாலிகள் பலர் உண்டு. பூரியில் ஜகந்நாதரின் வேப்ப மரத் திருமேனி புதிதாக்கப்படும் நவகளேபரம் கடைசியாக 2015இல் நடந்தது. அங்கே செதுக்கும் உரிமை வழிவழி வந்த குடும்பங்களிடமே இருக்கிறது. மரம் பழுதாகும், மாற்ற வேண்டும், மாற்றத் தெரிந்தவர் அப்பொழுது இருக்க வேண்டும்.

உற்சவ காலத்தில் வாகன மண்டபத்தின் பக்கம் போனால், கருட வாகனத்தின் பீடத்திலும் யாளி வாகனத்தின் பக்கப் பலகையிலும் உபயதாரர் பெயர் பளிச்சென்று எழுதியிருப்பதைக் காணலாம். குடும்பம், ஊர், ஆண்டு எல்லாம் இருக்கும். செய்தவர் பெயர் பெரும்பாலும் இராது. திருப்பணிக் குழுவில் இருக்கும் அன்பர்கள் நினைத்தால் ஒரு வரி கூடுதலாக எழுதச் செலவு ஒன்றுமில்லை. தன் தாத்தாவின் பெயர் சாமி வாகனத்தில் இருப்பதைத் திருவிழாக் கூட்டத்தில் தோழனுக்குக் காட்டும் பேரன், மறுநாள் மாலை கோட்டுப் பலகையைப் பரணிலிருந்து இறக்குவான்.

புதிய வாகனமோ சிறிய சப்பரமோ செய்ய எண்ணும் உபயதாரர்கள் மற்றொன்றும் கவனிக்கலாம். தேருக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவையும், சிற்பங்களுக்கு வாகை, அத்தி, மாவிலங்கை, வேம்பு முதலானவையும் உதவும். எம்மரமானாலும் ஈரம் உலரப் பல மாதம் வேண்டும். பச்சை மரத்தில் செதுக்கினால் வெடிப்பு விடும். உற்சவத்துக்கு இரண்டு மாதம் முன்பு வந்து அவசரப்படுத்தினால், குடும்பமே இரவு பகலாக அமர வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் நேரமிராது. தை மாதத்தில் முன்பணம் கொடுத்து மரத்தைத் தேர்ந்துவிட்டால், உலர்ந்து வெட்டத் தொடங்கும் பருவம் சித்திரை விடுமுறையோடு பொருந்தி வரும். பட்டறையில் அப்பொழுது எல்லா வயதினரும் இருப்பார்கள்.